வெண்கலம் ஓட்டுக் கேட்ட வாரம்

பேய்ப் படத்தில் கதாநாயகி அலறுகிறாள் அல்லவா, அந்த அலறல் பெரும்பாலும் அவளுடையது அல்ல. அவள் வாயைப் பிளந்து, கண்ணை உருட்டிக் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவாள். சில மாதங்கள் கழித்து, நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறைக்குள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வருவாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள், திரையைப் பார்த்தபடி அந்த அலறலை அலறிக் கொடுப்பாள். வெளியே வந்து வெந்நீர் குடிப்பாள். அவளை எல்லோரும் அலறல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கதவு தானாகத் திறந்தால் ஒரு அலறல், கண்ணாடியில் பின்னால் ஒரு முகம் தெரிந்தால் வேறொரு அலறல், பேய் என்று நினைத்துத் திரும்பினால் பூனை நிற்கிறது என்றால் அதற்குப் பாதி அலறல் என்று வகை வகையாக வைத்திருந்தாள். ஆனால் அவளுக்குப் பேய் பயம் என்பது அறவே கிடையாது. "பயந்துக்கிட்டு உக்காந்தா பொழப்பு என்னாகிறது? அதுங்க இருக்கிறதாலதான் நம்ம வீட்ல அடுப்பு எரியுது" என்பாள்.

அவளுடைய வீட்டுக்காரருக்கும் குரல்தான் தொழில். வெண்கலக் குரல் என்று யாரோ ஒரு மேடையில் புகழப்போய், அன்றிலிருந்து அவர் பெயரே வெண்கலம் ஆகிவிட்டது. துணிக்கடை விளம்பரம், மருந்துக்கடை விளம்பரம், காணாமல் போன கிழவரைப் பற்றிய அறிவிப்பு, தேர்தல் வந்தால் பிரசார வேன் என்று எதற்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் கொட்டாவி விட்டால்கூட ஏதோ முக்கியச் செய்தி வரப்போகிறது என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து உள்ளூர் வானொலியில் சனிக்கிழமை காலை ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். 'அலறலும் அலசலும்' என்று பெயர். அந்த வாரச் செய்திகள், தேர்தல் காலமாக இருந்தால் தேர்தல் நிலவரம், கடைசியில் அந்த வாரம் வந்த பேய்ப் படம். வெண்கலம் இழவுச் செய்தி வாசிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நகராட்சி புதிதாக வாங்கிய நாய் பிடிக்கும் வண்டியை நேற்று மதியம் நாய்கள் கூட்டமாகத் துரத்திச் சென்றன. ஓட்டுநர் நலமாக உள்ளார்" என்று வாசிப்பார். பின்னாலிருந்து இவள் ஒரு அலறல் போடுவாள். படத்தைப் பற்றி இவள் பேசுவாள்: "பேய்க்கு ஏன் கோவம்னு இடைவேளை வரைக்கும் சொல்லல. இடைவேளைக்கு அப்புறம் பேய்க்கே அது மறந்துபோச்சு." இவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் குறுக்கே விழுவார். "அது இருக்கட்டும், அந்தப் பேய் ஏன் வெள்ளைப் புடவையை மாத்தவே மாட்டேங்குது?" என்பார். இவள் எரிந்து விழுவாள். கேட்கிறவர்களுக்கு அந்தச் சண்டைதான் நிகழ்ச்சி.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில்தான் நோய் வந்தது. கடைசி ஐந்தாறு மாதம் குரல் என்பதே இல்லை. உதடு அசையும், காற்று வரும், அவ்வளவுதான். அவள் கட்டிலருகே உட்கார்ந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டாள். அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை. இவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் டங் டங் என்று தட்டுவார். குறுக்கே விழுகிறாராம். ஒரு நாள் மதியம் அந்தத் தட்டலும் நின்றுபோனது.

அது ஆகி மூன்று வருடம். நிகழ்ச்சியை அவள் விடவில்லை. அவர் பாகத்தையும் சேர்த்துத் தானே வாசித்தாள். சுமாராகத்தான் இருந்தது. அவளுக்கே தெரியும். ஆனால் சனிக்கிழமை காலையில் வேறு என்ன செய்வது?

இந்த நிலைமையில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அக்காவின் நிகழ்ச்சிக்கு நல்ல தீனி. "ஒருத்தர் ரோடு போடுவேன்னு சொல்றாரு. இன்னொருத்தர் போன தடவை போட்ட ரோட்டைக் கண்டுபிடிச்சுக் குடுப்பேன்னு சொல்றாரு. எனக்கென்னமோ ரெண்டாவது ஆள்தான் பெரிய வேலையில கை வைக்கிறார்னு தோணுது" என்று வானொலியில் பேசினாள். புதிதாக ஒரு பல் டாக்டரும் நின்றார். போன வருடம்தான் வந்து கடைத்தெருவில் ஆஸ்பத்திரி திறந்தவர். அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. "பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் பல்லுதானே" என்று அக்கா சொன்னதை டாக்டரே கேட்டுச் சிரித்ததாகத் தகவல் வந்தது.

ஒரு நாள் காலை பத்து, பத்தரை இருக்கும். அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் ஈரத் துண்டு, வாயில் இரண்டு கிளிப். தெருமுனைக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கி கேட்டது.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே..."

அவள் கை அப்படியே நின்றது. பெருமக்களே என்பதில் அந்தப் 'பெரு'வை இழுத்து, 'மக்களே'வைத் தடவிக் கொடுப்பது மாதிரி மெதுவாக இறக்குகிற விதம். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படிச் சொல்வார்.

ஏதோ பழைய பதிவு, எவனோ எடுத்துப் போடுகிறான் என்று முதலில் நினைத்தாள். மனசு கனத்தாலும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வாக்கியம் வந்தது.

"உங்கள் வீட்டுப் பிள்ளை, நமது பல் டாக்டருக்கே உங்கள் பொன்னான வாக்கு!"

வாயிலிருந்த கிளிப் இரண்டும் கீழே தெருவில் போய் விழுந்தன. பல் டாக்டர் இங்கே வந்தது போன வருடம். வெண்கலம் போனது அதற்கு இரண்டு வருடம் முன்னால். போன மனுஷனுக்குப் பல் டாக்டரை எப்படித் தெரியும்?

செருப்புக்கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினாள். தெருவுக்கு வருவதற்குள் வேன் திரும்பிவிட்டது. அதன் முதுகும் ஆடுகிற கொடியும்தான் தெரிந்தன. குரல் சந்து சந்தாகப் போய்த் தேய்ந்தது. எத்தனையோ தடவை அலறிய இடம்தான் இது: செத்தவன் பேசுகிறான், அவள் வாயைத் திறக்கிறாள். இப்போது வாயைத் திறந்தாள், வெறும் காற்றுத்தான் வந்தது.

மேல்வீட்டு நர்ஸம்மா படியில் நின்றுகொண்டிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எதற்கும் அசையாதவள் என்று பெயர்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் அக்கா.

எல்லாப் பேய்ப் படத்திலும் இந்தக் கேள்விக்கு எதிராளி "இல்லையே, என்ன கேட்டுச்சு?" என்றுதான் சொல்வான். நர்ஸம்மா, "கேட்டுச்சு" என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அக்கா நேரே அங்கே போனாள்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

கடைக்காரர் துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "நாலஞ்சு நாளாச்சு அக்கா. உங்க தெருவுக்கு வராம நாங்கதான் வண்டியை அந்தப் பக்கமே திருப்பி விட்டுக்கிட்டிருந்தோம். இந்தத் தெருவுல குழி தோண்டியிருக்கு, அது இதுன்னு சொல்லி. இன்னிக்கு டிரைவர் புதுசு. தெரியாம நுழைஞ்சுட்டான்."

"நீங்க எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம். முதல் நாளு நான் பாலைப் பொங்க விட்டுட்டேன்."

தன்னைச் சுற்றி நாலைந்து நாளாக ஊரே காவல் காத்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நர்ஸம்மா கொண்டுவந்து கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நடந்தாள். இந்தக் காரியம் எங்கே நடந்திருக்கும் என்பது தண்ணீர் குடிக்கும்போதே புரிந்துவிட்டது.

கூடம் அவளுடைய கொழுந்தனாருடையது. வெண்கலத்தின் ஒரே தம்பி. நாற்பது தாண்டியவர், கட்டை பிரம்மச்சாரி. அண்ணன் பேச, தம்பி பதிவு செய்ய, அப்படியே வளர்ந்த கூடம் அது. அண்ணியைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"பிரசாரக்காரங்க வந்து வெண்கலம் குரல் மாதிரி ஒரு குரல் வேணும்னாங்க. அப்படி யாரும் இல்லைன்னேன். இப்பதான் கம்ப்யூட்டர்லயே பண்றாங்களே, அண்ணன் பேசினதுதான் உன்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கேன்னாங்க. அதெல்லாம் உள்ள குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு எதை எழுதிக் குடுத்தாலும் அது அண்ணன் மாதிரியே பேசுது."

"உனக்குத் தப்புன்னு தோணலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தோணுச்சு. ஆனா முதல் வாட்டி அது பேசினப்ப, எனக்கு அண்ணன் குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு இருந்துச்சு அண்ணி. கடைசில அவர் பேசவே இல்லையே. எனக்கு ஞாபகத்துல அந்தக் காத்துச் சத்தம்தானே இருந்துச்சு."

திட்டுவதற்கென்றுதான் வந்திருந்தாள். ஆனால் அவளுக்கும் அதேதான். மூன்று வருடமாக அவரை நினைத்தால் அந்தக் காற்றுச் சத்தம்தான் முதலில் வரும். அதைத் தாண்டிப் போனால்தான் குரல்.

"எதை வேணாலும் பேசுமா?" என்று கேட்டாள்.

"பேசும்."

மேசையில் அன்றைய செய்தித்தாள் கிடந்தது. அவள் விரலால் ஒரு செய்தியைத் தொட்டாள். மின்சாரச் சிக்கனக் கருத்தரங்கில் மின்சாரம் போய், தலைவர் இருட்டில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். விளக்கு வந்தபோது அரங்கில் அவரும் காவலாளியும் மட்டும் இருந்திருக்கிறார்கள். கொழுந்தனார் அதைத் தட்டச்சு செய்தார். பெரிய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வெண்கலம் வாசித்தார். இழவுச் செய்தித் தொனி கொஞ்சமும் பிசகவில்லை. "காவலாளி உறங்கிக்கொண்டிருந்ததாகத் தெரிகிறது" என்று முடித்த இடத்தில், பழக்கதோஷத்தில் அக்கா ஒரு அலறல் போட்டாள்.

கொழுந்தனார் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பிறகு இருவருக்கும் தலைகால் புரியவில்லை. செய்தி மேல் செய்தியாகக் கொடுத்தார்கள். தேர்தல் நிலவரம் கொடுத்தார்கள். இந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியையே அவரோடு பண்ணிவிடலாம் என்று யார் முதலில் சொன்னது என்று பின்னால் இருவருக்கும் நினைவில்லை. கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டுப் பதிவு செய்தார்கள். அவர் செய்தி, இவள் அலறல், அவர் தேர்தல், இவள் கேலி. கடைசியில் பேய்ப் படம். அந்த வாரப் படத்தில் செத்துப்போன மனைவி தொலைபேசியில் புருஷனைக் கூப்பிடுவாள். அக்கா அதை விஸ்தாரமாகச் சொன்னாள். இடையில் மூச்சு வாங்க நிறுத்தினாள். மறுபடியும் சொன்னாள். முழுசாகச் சொல்லி முடித்தாள். அவள் முடித்தபின், கணினி கனிவாக, "மிக அருமையாகச் சொன்னீர்கள். நேயர்களே, அடுத்த வாரம் சந்திப்போம்" என்றது.

இருவரும் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டார்கள். பேய்ப் பட இடம் வந்தது. அவள் குரல் பேசிக்கொண்டே போகிறது, போகிறது, குறுக்கே யாருமே விழவில்லை. அந்த அமைதிக்குள் ஒருவர் உட்கார்ந்து, இவள் முடிப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறார். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட இவளை முழுசாகப் பேச விட்டதில்லை. நீங்கள் என்று கூப்பிட்டதும் இல்லை.

"நிறுத்து" என்றாள்.

"என்னாச்சு அண்ணி?"

"இவ்ளோ மரியாதையா இருக்கிறது உங்கண்ணன் இல்லடா. வேற யாரோ அவரோட சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்காங்க. நிறுத்து முதல்ல."

அவர் நிறுத்தினார். அந்தப் பதிவு வானொலிக்குப் போகவில்லை. அந்த வாரம் நிகழ்ச்சி கிடையாது, அக்காவுக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வேனில் ஓடுகிற குரலைத் திரும்பி வாங்கக் கொழுந்தனாரால் முடியவில்லை. பதிவு கைமாறிப் போய்விட்டது, டாக்டரின் ஆட்கள் போனை எடுக்கவில்லை. பிரசாரம் சூடுபிடித்திருந்த நேரம். காவல் காத்தவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். இனிமேல் எதற்கு, அக்காவுக்குத்தான் தெரிந்துவிட்டதே. வேன் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவள் தெருவழியாகப் போனது. அது வரும் நேரம் பார்த்து அவள் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

நாலாம் நாள் பல் டாக்டர் நேரிலேயே வந்தார். கூட ஐந்தாறு பேர், கையில் துண்டுப் பிரசுரம். அழைப்பு மணி அடித்து அவள் கதவைத் திறந்ததும் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார். நல்ல பற்கள்.

"அம்மா, வணக்கம். உங்க ஓட்டை நம்ம சின்னத்துக்குப் போடணும்."

"உங்களுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு டாக்டர்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா. நம்ம ஆளா? சார் எங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

"அவர் போய் மூணு வருஷம் ஆச்சு."

"வெளியூரா?"

பின்னால் நின்றவர்களில் விஷயம் தெரிந்த ஒருவர் டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் கவனிக்கவில்லை. சொல்லி வைத்தது மாதிரி அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது. அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே. அக்கா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ, வந்துக்கிட்டிருக்காரு."

டாக்டர் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் குரல் வாசலுக்கு நேராகச் சொல்லிக்கொண்டே போனது. டாக்டர் மெதுவாக மாடிப்படியில் உட்கார்ந்தார். கையிலிருந்த பிரசுரங்கள் மடியில் சரிந்தன.

"எனக்குச் சத்தியமாத் தெரியாதும்மா. யாரோ ஆள் வச்சுப் பேச வைக்கிறாங்கன்னுதான் நினைச்சேன்." பிரசுரங்களை அடுக்கிக்கொண்டே, "உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு மேடையில நின்னா கை காலெல்லாம் உதறும். தினமும் அந்தக் குரல் என்னைப் பத்திச் சொல்றதைக் கேட்டுத்தான் எனக்கே என் மேல ஒரு நம்பிக்கை வந்துச்சு" என்றார்.

"அது அவர் தொழில். யாரைப் பத்திச் சொன்னாலும் அப்படித்தான் தோணும்."

"நிறுத்தச் சொல்லிடறேன்மா."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேன் அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. அங்கிருந்து குரல் மெல்லிசாக வந்தது. அப்படித் தூரத்தில் கேட்டால் அசல் அவரேதான். பக்கத்தில் வந்தால்தான் ஆள் மாறிவிடுகிறது.

"நிறுத்துங்க" என்றாள் கடைசியில். "எழுந்திருங்க, படியெல்லாம் தூசி."

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் காலை வேன் வெறும் மேளச் சத்தத்தோடு வந்தது. அக்கா ஜன்னலைச் சாத்த எழுந்தவள் சாத்தாமலே நின்றாள். சாயங்காலமும் அதே மேளம்தான். இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கும்போது கை தானாக நின்று நின்று போனது, காது தெருவிலேயே இருந்தது. யாரோ ஊரை விட்டுப் போய்விட்ட மாதிரி தெரு வெறிச்சென்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவரை எடுத்துக்கொண்டு போனபோது வீடு நிறைய ஆள், அழ நேரமில்லை. இப்போது கத்தியை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நர்ஸம்மா இறங்கி வந்தாள். சத்தம் கேட்டிருக்கும்.

"நானேதான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் அக்கா. "இப்ப நானேதான் வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரில காலு வலிக்குதுன்னு கத்தறவங்களுக்கு ஊசி போட்டு வலியை நிறுத்துவோம். கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தக் காலு இருக்கா இல்லையான்னே தெரியலையே சிஸ்டர்னு அழுவாங்க" என்றாள் நர்ஸம்மா. மீதிக் காயை அவளே நறுக்கினாள்.

ஓட்டுப் போடுகிற நாளில் அக்காவும் நர்ஸம்மாவும் சேர்ந்துதான் போனார்கள். பள்ளிக்கூடத்து வகுப்பறை. பெரியவர்கள் எல்லாம் குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மோவாய் வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் அக்காவைக் கண்டதும், "யாருக்கு அக்கா வெற்றி?" என்று கேட்டார்கள். "யார் ஜெயிச்சாலும் அலறப்போறது நான்தானே" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. பல நாள் கழித்து அவள் வாயிலிருந்து தானாக வந்த முதல் கேலி அது.

ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். அங்கே போனதும் கேலியெல்லாம் ஓடிவிட்டது. வெண்கலத்துக்கு ஒரு கொள்கை உண்டு. எவனுக்குக் குரல் கொடுத்தாரோ அவனுக்கு ஓட்டுப் போடமாட்டார். "ரெண்டையும் ஒருத்தனுக்கே குடுத்துட்டா நமக்குன்னு என்னடி மிச்சம்?" என்பார். இந்தத் தடவை அவர் குரலைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். ஓட்டாவது மிஞ்சட்டும். சீப்பு இருந்த கட்டத்தைத் தாண்டி, தான் முன்பே நினைத்து வைத்திருந்த இடத்தில் அவள் குறி போட்டாள்.

போட்ட பிறகும் நகர முடியவில்லை. எப்போதும் பக்கத்துத் தடுப்பில் அவர் இருப்பார். போட்டு முடித்ததும் வேண்டுமென்றே தொண்டையைச் செருமுவார். அதிகாரி முறைப்பார். இப்போது பக்கத்துத் தடுப்பின் அடியில் ஒரு ஜோடிக் கால் தெரிந்தது. ஆண் கால். பழைய தோல் செருப்பு. யாரோ அங்கே அசையாமல் நின்றிருந்தார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா, முடிஞ்சுதா?" என்றார் அதிகாரி.

அந்தத் தடுப்பிலிருந்து ஒரு கிழவர், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன், யாராவது வந்து சின்னத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். கீச்சுக் குரல். அக்கா சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

டாக்டர் தோற்றுப்போனார். மூன்றாவது இடம். போன தடவை போட்ட ரோட்டைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னவர் ஜெயித்தார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அக்கா வாராவாரம் வானொலியில் அறிவிக்கிறாள். நிகழ்ச்சியில் இப்போது வெண்கலத்தின் பாகம் கிடையாது. செய்தியை அவள் தன் சொந்தக் குரலில், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிவிடுகிறாள். முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று தேநீர்க் கடையில் பேச்சு. கடைவாய்ப் பல் வலித்தபோது தயங்கித் தயங்கி டாக்டரிடமே போனாள். அவர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "தயவுசெஞ்சு அலறிடாதீங்கம்மா, வெளியில ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கொழுந்தனார் ஒரு நாள் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "அண்ணி, அது இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கு. அழிச்சிடவா?"

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும். பேச மட்டும் விடாத" என்றாள்.

அவர் அப்படியே வைத்திருக்கிறார். அண்ணியும் கொழுந்தனாரும் அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை. வேலை வழக்கம்போல நடக்கிறது. கதவு திறந்தால் ஒரு அலறல், கண்ணாடியில் முகம் தெரிந்தால் ஒரு அலறல். சில நாள் பதிவுக்கு நடுவில் அவர் ஏதாவது வாங்கிவரக் கடைக்குப் போவார். "ரெண்டு நிமிஷம் அண்ணி, உள்ளயே இருங்க" என்பார். அவள் சரி என்று தலையாட்டுவாள். அவர் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கணினியின் பக்கம் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து தெருவில் நிற்பாள்.